நைனாவின் ஜல்லிக் கணக்கு

காசிமேட்டுக் கரையில் மீன் ஏலம் விடுகிறவர் எங்கள் நைனா. குவியலை ஒரு பார்வை பார்த்து இத்தனை கூடை என்பார். அள்ளினால் அத்தனையே இருக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரு பள்ளத்துக்கு ஜல்லி மதிப்புப் போடத் தெரியாமல் திண்டாடினார் என்றால் யார் நம்புவார்கள்?

அக்காவை எண்ணூரில் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு அழைத்துவரப் போனபோது, "உங்க வூட்டாண்ட சாக்கடைத் தண்ணி தேங்கிக் கெடக்குது. கொசுக்கடியிலயா புள்ள பெக்கறது? அத்த சரி பண்ணிட்டு வாங்க" என்று அவள் மாமியார் திருப்பி அனுப்பிவிட்டாள். மறுநாளே நைனா வீட்டுக்குப் பின்னால் பள்ளம் வெட்டத் தொடங்கினார். அதில் ஜல்லி கொட்டி மேலே மணல் மூடினால் தண்ணீர் அடிவழியாக ஓடிவிடுமாம்.

நீளத்தைக் காலால் அளந்து, ஆழத்துக்குக் கையை விட்டுப் பார்த்து, மீன்கூடைக் கணக்கிலேயே மதிப்புப் போட்டார். "மீனுன்னா அமுங்கும், கல்லு அமுங்காது" என்று கொஞ்சம் குறைத்தும் கொண்டார். ஜல்லி வண்டி வருவதற்குள் கடல் மணல் சரிந்து பள்ளம் அகன்றுபோயிருந்தது. கொட்டியது பாதிக்குத்தான் வந்தது.

"குவியல அளக்கத் தெரியுது, குழிய அளக்கத் தெரியலியே உனுக்கு!" என்று அம்மா சிரித்தாள்.

இன்னொரு வண்டி வந்தது. கோடியில் மட்டும் கொஞ்சம் பாக்கி. வேலை முடிந்தமாதிரிதான் என்று சொல்ல, என்னையும் கூட்டிக்கொண்டு நைனா எண்ணூருக்கு ரயிலேறினார். என்னைத் தெருமுனைப் பூவரச மரத்தடியில் நிற்கவைத்துவிட்டு அவர் மட்டும் போனார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அக்காவைக் கட்டிக்கொள்ள எத்தனை நாளாக ஏங்கியிருந்தேன்! போன வேகத்திலேயே திரும்பிவிட்டார். கொண்டுபோன வஞ்சிரம் கையில் அப்படியே இருந்தது.

"அக்கா எங்க நைனா?"

"பள்ளம் முடியட்டும். இன்னும் ஒரு வண்டி வேணும்."

அம்மாவிடமும் அதையே சொன்னார். ஆனால் அந்த வண்டி வரவேயில்லை. அம்மா பிரசவ மருந்தெல்லாம் இடித்து வைத்துவிட்டாள். அக்கா இல்லாத வீடு எனக்கு வீடாகவே இல்லை. பொறுக்கமாட்டாமல் நானே கல்லும் ஓட்டாஞ்சில்லும் பாவாடையில் அள்ளிவந்து பாக்கிக் குழியை நிரப்பினேன்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். "ரொம்பிடிச்சி பாரு! காலையிலயே போயி பொண்ண இட்டுகினு வா" என்றாள் நைனாவிடம்.

நைனா அந்தக் கற்களைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து, பள்ளத்தை இன்னும் கொஞ்சம் நீட்டி வெட்டத் தொடங்கினார்.

"இன்னா நைனா, மறுபடியும் கணக்கு தப்பிடிச்சா?" என்று நான் கைகொட்டிச் சிரித்தேன்.

"ஆமாண்டி கண்ணு" என்றார், நிமிராமல்.

பள்ளம் முடிந்தாலும் சரி, முடியாவிட்டாலும் சரி, பெண்ணை அனுப்புவதாக இல்லை என்று எண்ணூரில் முகத்திலடித்தாற்போலச் சொல்லிவிட்டார்கள் என்பதும், அதை அம்மாவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்பதும் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. அன்றைக்கு, இப்படியும் ஒரு மக்கு நைனாவா என்று நினைத்துக்கொண்டே, அக்கா சீக்கிரம் வரவேண்டுமே என்று, அவர் வெட்ட வெட்டச் சரிந்த மணலை இரண்டு கையாலும் வாரிப்போட்டுக்கொண்டிருந்தேன்.