லிபெர்த்தாவில் ஒரு வேலிச் சண்டை

நான் வேலைக்கு நின்று பராமரித்த இத்தாலிய ஐயாவுக்கு, சின்யோரேக்கு, வயது எண்பது தாண்டியிருந்தது. மனைவி செத்த பிறகு பலெர்மோவின் லிபெர்த்தா தெருவிலிருக்கும் தன் வீட்டுக் கதிரையை விட்டு அவர் எழும்புவதில்லை. காலில் ஒரு குறையுமில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். மனம்தான் எழும்ப மறுத்தது. மிலானோவிலிருக்கும் மகள் தொலைபேசியில் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்: ஓகஸ்ட் விடுமுறைக்கு வரும்போதும் அப்பா அதே கதிரையில் இருந்தால், வீட்டைப் பூட்டிவிட்டு மிலானோவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவாராம். அவர் போனால் என் வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் நான் முழிசிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆக, இந்த மனிதர் நடந்தால்தான் நாங்கள் இருவரும் பலெர்மோவில் இருக்கலாம்.

அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் அவருக்கு உயிர் வரும். அவருடைய தாத்தா சிசிலிக் கந்தகச் சுரங்கத்தை விட்டு நெவாடாவுக்கு வெள்ளி தோண்டப் போனவர். வெள்ளி அகப்படவில்லை. பிறகு மாட்டுப் பண்ணையில் வேலைக்கு நின்றார், மாடு மிதித்துவிட்டது. பிறகு காணி பிடித்துக் கோதுமை விதைத்தார், பக்கத்துப் பண்ணைக்காரனின் மாடுகள் வந்து மேய்ந்துவிட்டுப் போயின. எல்லாவற்றிலும் தோற்று ஊருக்குக் கப்பலேறிய அந்த மனிதரைப் பற்றி, ஏதோ நாடு பிடித்த ராசாவைப் பற்றிச் சொல்வதுபோல இவர் சொல்லுவார். இத்தாலிய மொழியில் அவர் சொன்னதெல்லாம் என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். இன்றைக்கும் அவர் குரல் எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

"நாலு மூலையிலையும் தடி ஊண்டினால் காணி உம்முடையது. சுரங்கமெண்டாலும் அப்பிடித்தான், தோட்டமெண்டாலும் அப்பிடித்தான்," என்றார் ஒருநாள். "ஆனா அதிலை நிண்டு பாடுபட வேணும். விட்டிட்டுப் போனால் வேறை ஆள் வந்து தடியைப் பிடுங்கி எறிஞ்சுபோடும்."

"அங்கை முதலே ஆக்கள் இருக்கேல்லையோ?" என்று கேட்டேன். காணி பறிபோன கதைகளில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

"இருந்தவை," என்றார். பிறகு கோப்பி கேட்டார்.

அந்தக் கட்டடத்தின் பின்முற்றத்தில் பாழாய்ப்போன ஒரு பூப்பாத்தி கிடந்தது. நான் யாரிடமும் கேட்காமல் அதில் மிளகாயும் வெண்டியும் வைத்திருந்தேன். கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவர் இருந்தார். அவருடைய கொழுத்த நாய் ஒருநாள் பாதிப் பாத்தியைக் கிண்டிவிட்டது. நான் தமிழில் திட்டிக்கொண்டு மேலே வந்தேன். என்ன நடந்தது என்று சின்யோரே கேட்டார், சொன்னேன். அவருடைய முதுகு நிமிர்ந்தது.

"மாட்டுப் பண்ணைக்காரன்!" என்றார். "இவங்கள் இன்னும் திருந்தேல்லை. வேலியைப் போடும்."

"போடலாம். ஆனா தடி ஊண்டுறது காணிக்காரர் எல்லோ? நான் கூலிக்காரன். நீங்கள் இறங்கி வந்தால்தான் செல்லும்."

சூழ்ச்சி அவருக்கு விளங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பிறகு சப்பாத்தைக் கேட்டார். லிஃப்ட் வழக்கம்போலப் பழுது. இரண்டு மாடியும் என் கையைப் பிடித்து இறங்கினார். லிஃப்டையும் கட்டடத்தையும் என்னையும் மாறி மாறித் திட்டினார். நானோ இறங்கிய படிகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

வேலி என்பது எங்கள் ஊரில் வெறும் தடி அல்ல. ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது கதியால் எனும் வேலிக் கம்பை அரைச் சாண் அங்கால் தள்ளி நடுவோம். அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டுக்காரர் முக்கால் சாண் இங்கால் தள்ளுவார். பிறகு வழக்கு, பிறகு பேச்சுவார்த்தை இல்லை. என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு பூவரசங் கதியாலுக்காகப் பகைத்தவர்கள். மாதா கோயில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில்கூட இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்பார்கள்.

அந்த இரத்தம்தானே என் உடம்பிலும் ஓடுகிறது. தெருவோரம் வெட்டிப்போட்டிருந்த கொப்புகளைக் கதியாலாக நட்டு, கொடிக்கயிற்றால் கட்டினேன். சின்யோரே தொப்பி போட்டுக்கொண்டு தினமும் இறங்கி வந்து கட்டளையிட்டார். சனிக்கிழமைகளில் நான் வேலியைத் திருத்துவேன். சத்தியமாக நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கை தன் பாட்டில் அரைச் சாண் தள்ளி நட்டது. யூலை முடியும்போது தோட்டம் பாத்திக் கல்லைத் தாண்டி, தண்ணீர்க் குழாயைத் தாண்டி, சட்டத்தரணியின் கராஜ் வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நகர நடுவே பொலிதேயாமாவில் கந்தோர்கள் துப்புரவாக்கும் என் மனைவி, மிளகாய் பிடுங்க வந்தவள், வேலியைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, வெளிநாடு வர ஊரிலை வித்த காணிக்கு இஞ்சை வேலி போடுறியளோ?"

ஓகஸ்டில் ஒரு காலை சட்டத்தரணியால் கராஜ் கதவைத் திறக்க முடியவில்லை. என் கதியால் குறுக்கே நின்றது. அவர் போட்ட சத்தம் இரண்டாம் மாடிக்குக் கேட்டிருக்க வேண்டும். நான் ஏறிப்போய்க் கூட்டிவர முதலே சின்யோரே வீட்டுச் செருப்போடு, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு தனியாக இறங்கி வந்துவிட்டார். வேலிக்கு இப்பால் சின்யோரே, அப்பால் சட்டத்தரணி.

"இது எல்லாருக்கும் பொதுவான முற்றம்!" என்றார் சட்டத்தரணி.

"பாடுபட்டவனுக்குத்தான் நிலம்!" என்றார் சின்யோரே.

"நாலு வெண்டிக்காய்க்காக என்ரை காரை அடைச்சு வைப்பீரோ?"

யார் பக்கமும் சேராத நாய் ஒரு மிளகாயைக் கடித்துவிட்டுக் கத்திக்கொண்டு ஓடியது. அந்த நேரம் பார்த்துத்தான் சூட்கேஸை இழுத்துக்கொண்டு மகள் உள்ளே வந்தார். ஒருநாள் முந்தி வந்திருந்தார்.

"அப்பா?"

"கொஞ்சம் பொறு, இவரை முடிச்சிட்டு வாறன்," என்றார் அப்பா, ஊன்றுகோலை ஓங்கியபடி.

கதியால்களை நானே பிடுங்கிப் பழைய எல்லையில் நட்டேன். சட்டத்தரணி நாயைக் கட்டி வைக்க ஒத்துக்கொண்டார். மகள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். முதியோர் இல்லக் கதை அன்றோடு முடிந்தது. பலெர்மோவுக்கு வந்த பிறகு அவ்வளவு பெருமைப்பட்ட நாள் எனக்கு வேறில்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னார். "அப்பா இவ்வளவு நல்லா இருக்கிறார். இனி முழுநாளும் ஆள் தேவையில்லை. செப்டெம்பரிலை இருந்து காலமை கொஞ்ச நேரம் வந்தால் காணும்."

காலையில் கொஞ்ச நேர வேலைக்கு யார் பெர்மெஸ்ஸோ தருவார்கள்? இரவும் பகலும் யோசித்து ஒரு மனிதரை எழுப்பி நடக்க வைத்தேன். அவர் என் வேலையையும் எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். மகளோடு கோபிக்கவும் வழியில்லை, அவர் சொன்னதில் பிழையில்லை.

சின்யோரே முதற்படியில் கால் வைத்திருந்தார். அப்படியே நின்றார். "ஆ," என்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் குந்தினார். மகள் பதறி ஓடினார்.

"ஒண்டுமில்லை. இறங்கேக்கை சுகம். ஏறேக்கைதான்..." என்று அனுங்கினார். மகள் வாயைத் திறக்க முதலே தொடர்ந்தார். "ஆஸ்பத்திரி, இல்லம் ஒண்டும் வேண்டாம். பகலிலை ஆள் நிண்டால் சமாளிப்பன்."

முழுச் சுகம் என்றால் நான் போக வேண்டும், முழுச் சுகவீனம் என்றால் அவர் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழங்காலைக் கண்டுபிடித்திருந்தார்.

மகள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, இப்ப இருக்கிறமாதிரியே இருக்கட்டும்," என்று சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு முன்னே போனார்.

நான் குனிந்தேன். சின்யோரே என் தோளில் கையைப் போட்டு, படிக்குப் படி முனகினார். நானும் தாங்க முடியாதவன்போல மூச்சு வாங்கினேன். என் தோளில் கிடந்த கையில் ஒரு பாரமும் இருக்கவில்லை.