மேற்குச் சுவரில் சாய்ந்த பூனை

1950களின் கடைசியில் என் கணவர் கோயிலில் குருக்கள். விடியுமுன் எழுந்தால் எனக்கு உட்கார நேரமிருக்காது. ஒரு நாள் எங்கள் வீட்டுப் பூனை அடுப்படியின் மேற்குச் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றது. அந்தப் பக்கம்தான் ஊரே சிவனாகக் கும்பிடும் மலை.

"பாரு, மலையைப் பார்த்து நமஸ்காரம் பண்றது," என்று அவர் அதற்கு விபூதி இட்டார்.

"பாலைத் தொடவே இல்லையே," என்றேன்.

"இன்னிக்குப் பிரதோஷம். அதுவும் விரதம்."

எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. பூனை காலைச் சுற்றாவிட்டால் ஒரு தொல்லை குறைவு. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அதே சுவரடியில் அது செத்துக் கிடந்தது.

சில மாதம் கழித்து, அர்ச்சனை விஷயமாக வீட்டுக்கு வந்த மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன்.

"பூனை செவுத்துல தலைய முட்டிக்கினு நின்னா மண்டைக்குள்ள கோளாறும்மா. அப்பவே தூக்கியாந்திருக்கலாமே," என்றார்.

அலுப்போடு அடுப்படிக்குத் திரும்பினேன். பூனையின் நெற்றி பட்ட இடத்தில் விபூதிக் கறை இன்னும் இருந்தது. அந்தப் பக்கம் மலை இருப்பது எங்களுக்குத் தெரியும். பூனைக்கு அது வெறும் சுவர்.