கையில் ஒரு சீட்டு அதிகம்: கார்வேட்டிநகரத்திலிருந்து திருப்பதி டோர்னமென்டுக்கு

போன ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து இருபது நாள் லீவில் வந்திருந்தேன். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் நைனாவும் (அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) திருப்பதிக்குப் போனோம். சாமி கும்பிட இல்லை, சீட்டாட. (மலையேறாமல் திரும்பியதற்கு அம்மா இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார்.) காசு வைத்து ஆடும் சீட்டு அல்ல, படம் போட்ட அட்டைகளை வைத்து இருவர் மோதும் டிரேடிங் கார்டு கேம். சிங்கப்பூரில் அறை நண்பர்கள் எனக்குப் பழக்கிவிட்டார்கள். நான் ஒரு செட்டை வீட்டுக்கு அனுப்பி, வீடியோ காலில் நைனாவுக்குப் பழக்கிவிட்டேன்.

நைனா சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ரம்மியில் கில்லாடி. ஆனால் பதினொரு வருடமாக ஊரில் யாரோடும் ஆடுவதில்லை. புத்தூரில் ஒரு கல்யாண வீட்டில், பதிமூன்று சீட்டு இருக்கவேண்டிய அவர் கையில் பதினாலு இருந்ததாம். ஒளித்துவைத்தான் என்று சொல்லி எழுப்பிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான். இருந்தாலும் இருக்கும் என்று நானும் பாதி நினைத்ததுண்டு.

காலை 6.10க்குக் கார்வேட்டிநகரத்தில் பஸ். புத்தூர் சுமார் 12 கிலோமீட்டர், டிக்கெட் 20 ரூபாய். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு 7.15க்குத் திருப்பதி பஸ். 35 கிலோமீட்டர், 50 ரூபாய், ஒரு மணி நேரம். வழியில் விதிகளை மறுபடி சொன்னேன். தப்பு நடந்தால் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட வேண்டும், நாமே சரிசெய்யக் கூடாது, தெரிந்தே மறைத்தால் வெளியேற்றிவிடுவார்கள். நைனா இரண்டு தடவை கேட்டார், "நாமளே சொன்னா வெளிய அனுப்ப மாட்டாங்களேடா?" பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து போக ஆட்டோக்காரர் 150 கேட்டு 80க்கு வந்தார். நைனா கையிலிருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்துவிட்டு, "கொண்டைக்குப் போகாம பேகாட்டாவா?" என்றார். கொண்டை என்றால் மலை. பேகாட்டா என்றால் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும் சீட்டாட்டம். நைனா சட்டென்று பெட்டியைப் பைக்குள் போட்டுவிட்டார்.

டோர்னமென்ட் ஹாலில் இருபத்திரண்டு பேர். நுழைவுக் கட்டணம் 200. கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண்தான் நடுவர், சித்தூர்க்காரி. முதல் சுற்றில் நைனா எனக்கு அடுத்த மேஜை. எதிரில் ஒரு காலேஜ் பையன்.

ரம்மிக் கை சும்மா இருக்குமா? அதில் ஒன்று எடுத்தால்தான் ஒன்று போட முடியும். இந்த ஆட்டத்தில் முறைக்கு ஒரே தடவைதான் எடுக்கலாம், போடுவது எத்தனையும் போடலாம். நைனா ஒன்று போட்டார். இரண்டாவதைப் போடுமுன் கை தானாகக் கட்டுக்குப் போய் இன்னொன்றை எடுத்துச் செருகிவிட்டது. எதிராளி தன் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நைனா எண்ணினார், திரும்ப எண்ணினார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பக்கத்து மேஜைக்காரன் வாய் திறக்கக் கூடாது. மறைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். நைனா கையைத் தூக்கினார்.

"ஒண்ணு ஜாஸ்தி எடுத்துட்டேம்மா. தெரிஞ்சி எடுக்கல."

"பர்வாலேது அங்கிள், பரவாயில்ல. அதுக்குத்தானே நான் இருக்கேன்" என்றாள் நடுவர்.

எது அதிகப்படி என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நைனாவின் கையை எதிராளிக்குக் காட்டச் சொன்னாள். அவன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான் (இருப்பதில் நல்லதைத்தான், அவனைக் குறை சொல்ல முடியாது). அதைக் கட்டில் சேர்த்துக் கலைத்தாள், முடிவு எழுதும் தாளில் ஒரு எச்சரிக்கை குறித்தாள், வீணான மூன்று நிமிடத்தை ஆட்டத்தில் கூட்டிக்கொடுத்தாள்.

"அவ்ளோதானா?" என்றார் நைனா.

"அவ்ளோதான். ஆடுங்க."

அந்த ஆட்டத்தில் தோற்றார். நாலு சுற்றில் ஒன்றில்தான் ஜெயித்தார். ஆனால் மத்தியானத்துக்குமேல் சந்தேகம் வந்தபோதெல்லாம் கையைத் தூக்கினார், டீக்கடையில் டீ கேட்கிற மாதிரி.

போக நினைப்பவர்களுக்கு: வேலூரிலிருந்து வருபவர்கள் சித்தூரில் பஸ் மாறலாம். புரட்டாசி சனிக்கிழமை பக்கம் மட்டும் வேண்டாம், நிற்க இடம் இருக்காது. தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள். தப்பு செய்தால் உடனே கூப்பிடுங்கள். நேரம் போகப்போகச் சரிசெய்வது கஷ்டம்.

திரும்பும்போது 5.30 பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. பஸ் வடமாலப்பேட்டையைத் தாண்டியது. நைனா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கும் கையில பதினாலு இருக்குதுன்னு நான்தான்டா மொதல்ல சொன்னேன். அதுவரைக்கும் யாரும் பாக்கல. சொன்னதுக்குத்தான் திருடன்னாங்க."

பதினொரு வருடமாக நான் அதைக் கேட்கவே இல்லை. புத்தூரில் இறங்கும்போது அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. பைக்குள்ளும் போடவில்லை. எல்லாரும் பார்க்கிற மாதிரி கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார்.