எல்லாம் ஒரே டேங்க்

விழுப்புரம் டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும். சட்டையில் மொலாசஸ் வாடை… புளித்துப்போன வெல்லம் போல.

ஊருக்கு வெளியே ஒரு மதுபான ஆலையில் லேப் கெமிஸ்ட் வேலை. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கறுப்புப் பாகுதான் மொலாசஸ். அதில் தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்த்தால் இரண்டு நாளில் பொங்கும். காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்தால் நிறமில்லாத ஸ்பிரிட்.

திங்கட்கிழமை அதில் பிராந்தி எசென்ஸ் ஊற்றுவோம். செவ்வாய் ரம். புதன் விஸ்கி. நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை.

அப்போது திண்டிவனத்தில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருப்பதாகத் தகவல். அவள் அப்பா நான் வேலை செய்யும் இடத்தை நேரில் பார்ப்பது மட்டும் பாக்கி.

வந்தார். கரும்பு விவசாயி. டேங்குகளை அண்ணாந்து பார்த்தார்.

"இதுல பிராந்தி எது தம்பி? நான் பிராந்தி தவிர வேற தொடமாட்டேன். திராட்ச ரசம், ஒடம்புக்கு நல்லது."

எனக்கு இருபத்தாறு வயது. கேட்டால் பதில் சொல்லும் வியாதி இருந்தது.

"திராட்சையில செய்யணும்தாங்க. இங்க எல்லாம் ஒரே டேங்க்குங்க. ரம்மும் இதான்."

"ரம்முமா?"

"உங்க கரும்புதாங்க எல்லாம்."

அவர் மறுபடியும் டேங்குகளை அண்ணாந்து பார்த்தார்.

"எம் பொண்டாட்டியோட அண்ணன் ரம்மு குடிக்கிறான்னு பத்து வருசமா வூட்ல சேக்கல தம்பி."

மறுவாரம் ஒரு பை மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, திரும்ப வந்தார்.

"கோச்சிக்காத தம்பி. மச்சான் வூட்டுக்குப் போயி பேசிட்டேன். ரெண்டு பேரும் அழுதுட்டோம். அவனுக்கு ஒரு பையன் கீறான்… மொறப் பையன். பொண்ண அங்கியே குடுத்துடலாம்னு…"

"சரிங்க."

"நீ மட்டும் சொல்லலன்னா இன்னும் மூஞ்ச திருப்பிக்கினுதான் இருப்போம். மவராசன்யா நீ."

கல்யாணத்துக்குப் போனேன். முதல் பந்தி. குடும்பத்தைச் சேர்த்து வைத்தவர் என்று மாப்பிள்ளையிடம் அறிமுகம் வேறு.

முப்பது வருடம் ஓடிவிட்டது. போன மாதம் பொம்மையார்பாளையத்தில், கடலோர கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் நண்பர் மகனின் ரிசப்ஷன். மாப்பிள்ளை ஸ்பார்க்ளிங் ஒயின் திறந்தான். நுரை பொங்கியது. பெண்ணின் அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

"இன்னா சார், சோடா மாரி கேஸ் அடிச்சி மூடுவாங்களா?"

நல்ல ஒயினில் அப்படி இல்லை. மூடிய பாட்டிலுக்குள்ளேயே சர்க்கரையும் ஈஸ்ட்டும் இரண்டாம் முறை வேலை செய்யும். வெளியே போக வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைந்து நிற்கும். பாட்டிலைக் கவிழ்த்து, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கசடைக் கழுத்துக்கு இறக்கி, உறையவைத்து எடுப்பார்கள். சிலவற்றுக்கு வருடக்கணக்கில் ஆகும்.

அன்றைக்கென்றால் முழுவதும் சொல்லியிருப்பேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்…

"ஆமாங்க, கேஸ்தான்" என்றேன்.