துருவைப் பார்க்க வந்தவர்கள்

என் கணவர் விஜேந்திரனைப் பற்றி மாத்தளை டவுனில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். குடிப்பதில்லை, யாரையும் எடுத்தெறிந்து பேசுவதில்லை, கல்யாணத்துக்குக் கார் கேட்டுப் போனால் கடைசி நேரத்தில் காலை வாருவதில்லை. எல்லாம் உண்மைதான். அந்தத் தங்கத்தோடு இருபத்து மூன்று வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். போன ஐப்பசியில் அதை உரசிப் பார்க்கும் நேரம் எனக்கு வந்தது. சொல்ல வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

அவர் பிறந்தது ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். வீட்டுக்கு ஓர் அறையாக எட்டு காம்பரா, எட்டுக்கும் சேர்த்து ஒரே நீளக் கூரை. அப்பா சீக்கிரமே போய்விட்டார். ஆறு வயது மூத்த அக்கா சந்திரகாந்தா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டார். அதனால்தான் இவர் பத்தாம் வகுப்பு வரை படித்தார். பிறகு மாத்தளையில் பலீல் நானாவின் கராஜில் வேலை. அங்கே மூலையில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு பழைய மொரிஸ் மைனர் காரை நானா இவரிடமே தள்ளிவிட்டார். நாலு வருஷம் அதோடு மல்லுக்கட்டி ஓட வைத்தார். இன்றைக்கு எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அந்தக் காரால்தான்.

ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் காரைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தான் நிரஞ்சன். கொழும்புக்காரன். வெளிநாட்டு ஆட்களைச் சுற்றுலா கூட்டிப்போகும் கம்பெனி வைத்திருக்கிறான். முப்பத்தைந்து வயதில் கிழவன் தொப்பி, கால்சட்டையைத் தோளில் இருந்து இழுத்துப் பிடிக்க இரண்டு வார்.

"விண்டேஜ் ட்ரிப் அங்கிள்" என்றான். "சிகிரியா, கண்டி ஒண்ணும் வேணாம். யாரும் போகாத சின்னச் சின்ன ஊர். பழைய கார், பழைய கடை, பழைய வாழ்க்கை. வாறவங்களும் அந்தக் காலத்து உடுப்புத்தான் போடுவாங்க."

"காரு மட்டும் போதுமா தம்பி?"

"ரூட்டும் நீங்கதான் காட்டணும். இந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாத இடமா?"

அந்த ஒரு பேச்சில் மனுஷன் விழுந்தார். தோட்டத்துப் பையன் என்று ஆயுசு முழுக்க ஓரமாய் நிறுத்தப்பட்டவரிடம் ஒருவன் வந்து வழி கேட்டால் விழத்தான் செய்வார். தனியாக விட்டால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார் என்று, ரூட் பார்க்கப் போனபோது சோற்றுப் பார்சலோடு பின்சீட்டில் நானும் ஏறிக்கொண்டேன்.

முதல் நாள் கலேவெல. நிரஞ்சனுக்குச் சந்தை பிடித்தது, சந்தையில் இருந்த பிளாஸ்டிக் பெட்டிகள் பிடிக்கவில்லை. மரக்கறி மொத்த வியாபாரி நிஸ்தாரிடம் போய், ஆட்கள் வருகிற அன்றைக்கு மட்டும் மூங்கில் கூடையில் தக்காளியை வைக்க முடியுமா என்று கேட்டான்.

"வைக்கலாம் தம்பி" என்றார் நிஸ்தார். "நசுங்குற தக்காளிய நீங்க எடுத்துக்கிறதா இருந்தா இன்னைக்கே வைக்கிறேன்."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். இவர் மட்டும் சிரிக்கவில்லை. முதலாளியிடம் திட்டு வாங்கிய ஆள் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் பல்லேகம. போய் இறங்கினால் அகலத் தெரு, வரிசையாகப் புதுக் கட்டடம். நிரஞ்சன் பழைய டவுன் எங்கே என்று தேநீர்க் கடைக்காரரைக் கேட்டான். தண்ணீருக்குக் கீழே என்று அவர் சிங்களத்தில் சொன்னார். நீர்த்தேக்கத்துக்காக அந்த ஊரையே தூக்கி இங்கே வைத்த கதை எங்களுக்கெல்லாம் தெரியும். அந்தக் கடைக்காரரின் வீடும் அதற்குள்தான் கிடக்கிறதாம்.

"சே, கொஞ்சம் முந்தி வந்திருக்கணும்" என்றான் நிரஞ்சன். வீட்டைப் பறிகொடுத்தவர் முன்னால் நின்று சொன்னான். கருமம்.

திரும்பும் வழியில், இவ்வளவு தூரம் வந்து எதுவும் சரிவரவில்லையே என்ற பயத்தில், என் கணவர் காரைத் தன் தோட்டத்துப் பக்கம் திருப்பினார். நான் வேண்டாம் என்றேன். காதில் விழாத மாதிரி ஓட்டினார்.

மதினி சந்திரகாந்தாவின் மகள் சுபாஷினி அப்போது தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வயிற்றில் ஆறு மாதம். மதினிக்கு இருப்பது அந்த ஒரே மகள். ஆஸ்பத்திரியில் பெற்று, பச்சை உடம்போடு பிள்ளையைத் தன் காம்பராவுக்குத் தூக்கி வர வேண்டும், அதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை. இடைஞ்சல் கூரைதான். துருவேறிச் சல்லடையாகிக் கிடந்தது. அதற்கும் விடிவு வந்திருந்தது. ஒரு உதவி அமைப்பு தோட்டத்துக்குப் புதுத் தகரம் கொடுத்திருந்தது, வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் லயத்து முறை.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கூரையைப் பிரிக்கவோ ஆணி அடிக்கவோ மாட்டார்கள் எங்கள் ஆட்கள். மதினி அதற்கும் வழி செய்து வைத்திருந்தார். வேலை நடக்கும் இரண்டு நாளும் சுபாஷினி மேல் லயத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருப்பாள், முடிந்ததும் வந்துவிடுவாள். யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

நிரஞ்சன் காரை விட்டு இறங்கினான், கூரையைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான். கோயிலில்கூட ஒருவன் அவ்வளவு பக்தியாக நின்று நான் பார்த்ததில்லை.

"இதுதான் அங்கிள். இதத்தான் நான் தேடினது. அந்தத் துருவோட கலரப் பாருங்க."

"ஞாயித்துக்கெழம மாத்தப் போறோங்க" என்றார் மதினி, நல்ல செய்தி சொல்கிற சந்தோஷத்தில்.

அவன் முகம் கறுத்துவிட்டது. என் கணவரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினான். நான் சுபாஷினியோடு பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அக்காவும் தம்பியும் என்ன பேசினார்கள் என்று, நான் காரில் ஏறும் முன் மதினியேதான் எனக்குச் சொன்னார்.

"இந்தக் கூரையே இருக்கட்டும், ரெண்டு மாசந்தாங்க்கா. சீசன் முடியட்டும்" என்றாராம் தம்பி.

"நா ஒருத்தி வேணாம்னா எட்டு வீட்டுக்கும்ல நிக்கும். அவங்களுக்கு என்னன்னு சொல்றது?"

"புள்ளத்தாச்சி இருக்கிற வீடு, கூரையப் பிரிக்க மனசு ஒப்பலன்னு சொல்லு. அதுக்கு மேல ஒருத்தரும் பேச மாட்டாங்க."

பேசவில்லைதான். அப்படி ஒரு வார்த்தை வந்துவிட்டால் எங்கள் ஆட்களில் எவர் எதிர்த்துப் பேசுவார்? நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி யாருக்கு? எட்டு வீடும் வாயை மூடிக்கொண்டது. தம்பி பேச்சைத் தட்டாத மதினியும் தலையை ஆட்டிவிட்டார்.

நிரஞ்சனை டவுனில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வரும்போது நான் கேட்டேன். "மூத்தவன நான் வயித்துல வச்சிருந்தப்ப, செவுத்துல ஆணி அடிச்சு கலண்டர் மாட்டினது யாருங்க?"

"அது வேற பரிமளம்."

"என்ன வேற? அப்ப இல்லாத நம்பிக்க இப்ப எங்கருந்து வந்துச்சு?"

வெள்ளைப் புடவை கட்டிய அம்மாவையும் கூடை சுமந்த அக்காவையும் வைத்துத் தலையெடுத்த மனுஷன், அந்த அக்காவின் பயத்தையே எடுத்து வியாபாரம் பேசிவிட்டு வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத் தலைவர் இராசமாணிக்கம் வந்து பார்த்தார். அங்கே ஒரு முறை உண்டு. சொன்ன நாளில் கூரையைப் பிரிக்காத லயத்துத் தகரம், பட்டியலில் அடுத்த லயத்துக்குப் போய்விடும். அடுத்த தவணை எப்போது என்று அவருக்கே தெரியாது. நீல நிறத் தகரம் அத்தனையும் கீழ் லயத்துக்குப் போனது. இது என் கணவருக்குத் தெரியாதாம். அங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மழையோடு நிரஞ்சனின் வெளிநாட்டு விருந்தாளிகள் நாலு பேரும் வந்தார்கள், பூப்போட்ட கவுனும் தொப்பியுமாக. பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். நிரஞ்சனைத்தான் நான் மறக்க மாட்டேன். காம்பராவுக்குள் ஒழுகுகிற இடத்தில் மதினி வைத்திருந்த சிவப்பு பிளாஸ்டிக் பேசினை எடுத்து வெளியே வைத்தான். கொழும்பிலிருந்து கொண்டு வந்த பித்தளைக் குண்டானை அங்கே வைத்தான். பிளாஸ்டிக் விண்டேஜ் இல்லையாம். சுபாஷினியை நைட்டியை மாற்றிச் சேலை கட்டச் சொல்லி, அந்தக் குண்டானுக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்துப் படம் எடுத்தான். போகும்போது குண்டானை மறக்காமல் துடைத்து எடுத்துக்கொண்டான். மதினி பேசினைத் தேடிப் போய் எடுத்து வந்தார். என் கணவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். தூ.

மூன்று நாள் கழித்து நிரஞ்சன் போன் பண்ணினான். சத்தம் பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. "அங்கிள், எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சிச்சு. ஆனா கீழ இருக்கிற லயத்துல அந்த நீலத் தகரம் எல்லா போட்டோவுலயும் விழுது. லுக் கெட்டுப் போச்சு. அந்த ஸ்டொப்ப எடுத்துட்டேன், வேற இடம் பார்ப்பம்."

இவர் "சரி தம்பி" என்றார். வேறு என்ன சொல்வார்.

நீலம் விழாத படம் ஒன்றை மட்டும் அவன் பேஸ்புக்கில் போட்டிருந்தான். ஒழுகும் கூரை, குண்டான், வயிற்றைப் பிடித்தபடி சுபாஷினி. அதை அவள் புருஷன் பார்த்தான், மாமியாரும் பார்த்தாள். மறுநாளே உக்குவளையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள். மாமியார் சத்தம் போடவில்லை. "எங்க வீட்டுப் புள்ள இந்தத் தண்ணிக்குள்ள பொறக்க வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுபாஷினியின் துணிகளைப் பையில் போட்டாள். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைத் தாய்வீட்டிலிருந்து திருப்பிக் கூட்டிப்போனால் அந்தத் தாய் லயத்தில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? மதினி வாசல் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாராம்.

செய்தி வந்த அன்று என் கணவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிடச் சொல்லவும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் காருக்கென்று ஒரு கொட்டகை போட்டிருக்கிறார். நல்ல தகரம், சொட்டு இறங்காது. அவரைக் கையைப் பிடித்து அதன் முன்னால் கொண்டு போய் நிறுத்தினேன்.

"கழட்டுங்க."

"எல்லாத்தயும் கழட்டினாலும் அந்தக் கூரைக்குக் காணாது."

"காணாதுன்னு தெரியும். வீட்டுக்கு ஒண்ணு வரும். ரொம்ப ஒழுகுற எடத்துல மேலால அடிச்சிக்கலாம்."

"காரு நனஞ்சா துரு பிடிக்கும் பரிமளம்."

"பிடிக்கட்டும். அதப் பாக்கத்தானே கொழும்புலருந்து ஆள் வருது."

ஏணியை எடுத்து வந்தார். அடுத்த நாள் தகரங்களை ஒரு சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு இருவரும் போனோம். எட்டு வீட்டு ஆட்களும் வெளியே வந்து பார்த்தார்கள், யாரும் வாங்க என்று கூப்பிடவில்லை. இராசமாணிக்கம் மட்டும் ஒரு பக்கம் பிடித்துத் தகரத்தை மேலே ஏற்றிக் கொடுத்தார். அக்காவின் காம்பராவுக்கு மேல் முதல் தகரத்தை விரித்து, ஆணியை வைத்து, சுத்தியலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கீழே இஸ்தோப்புத் திண்ணையில் நின்றிருந்த மதினி அண்ணாந்து பார்த்தார். குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை.

"ஆணிய அடி தம்பி" என்றார். "இப்பத்தான் இந்த வீட்டுல புள்ளத்தாச்சி இல்லியே."