கத்திரிக்கா பீரங்கி

மொதல்லயே சொல்லிட்றேன், எனுக்கு இன்னும் கோவம் போவல. பல்லு போச்சி, கண்ணு போச்சி, மூட்டு போச்சி. கோவம் மட்டும் அப்டியே குந்தினுகீது. எனுக்கு எழுத வராது, நான் சொல்லச் சொல்ல மருமவ எழுதறா. நல்லாகீற எடம்லாம் நான் சொன்னது. தப்புகீற எடம்லாம் அவ எழுதுனது.

இப்ப பெசன்ட் நகர்னு பேரு வெச்சி, சாயங்காலமானா சுண்டல் துன்னுகினு காத்து வாங்குறாங்களே, அந்தக் கடலோரத்துல தான் எங்க குப்பம் இருந்திச்சி. யுத்தம் வந்திச்சி. சப்பான்காரன் கப்பல்ல வரான்னாங்க. மயிலாப்பூர்ல பாதிப்பேரு ஊட்டப் பூட்டிக்கினு கும்மோணம் பக்கம் ஓடிட்டாங்க. எங்களுக்கு கும்மோணத்துல யாரு கீறா? நாங்க அங்கயே இருந்தோம். ஒரு நாளு காலீல லாரில வந்து எறங்குனானுங்க சோல்ஜருங்க. சப்பான்காரன தொரத்த வந்தவனுங்க எங்கள தொரத்துனானுங்க. அம்மா கொயம்பு சட்டிய எறக்கி கைல எடுக்கறதுக்குள்ள, பின்னால முள்ளுக்கம்பி இஸ்துக் கட்டினுகீறானுங்க. கம்பிய தாண்டி கால வெச்சா சுட்ருவாங்களாம். எங்க வாசப்படில நாங்க கால வெச்சா!

துணிமணி, சட்டி பான எட்த்துனு வந்துட்டோம். கட்டுமரம் வரல. கட்டுமரம்னா நாலு மரத்த சேத்து கயிறு போட்டுக் கட்றது. கரைக்கு வந்தா அவுத்து மணல்ல காயப் போட்ருவாங்க. அப்டி காஞ்சினு இருந்திச்சி எங்க நைனாவோட நாலு மரமும். அப்பால வந்து எட்த்துக்கலாம்னு சொன்னாங்க. நம்பிட்டோம். எங்க வம்சமே நம்புற வம்சம்.

அந்த நாலு மரத்துல ஒண்ணுல என் கைவேல கீது. அதுக்கு முந்துன வருசம் ஒரு ஆணிய வெச்சினு, நாளெல்லாம் குந்தி, நாக்க வெளிய நீட்டிக்கினு மீனு ஒண்ணு செதுக்குனேன். நைனா வந்து பாத்துட்டு, "இன்னாமே இது, கத்திரிக்காவா?"ன்னாரு.

"மீனு நைனா. வாலு கீது பாரு."

"அது காம்புமே."

அவ்ளோதான். அன்னிலேர்ந்து குப்பம் பூரா எங்க மரத்துக்கு கத்திரிக்கா மரம்னு பேரு. எனுக்கும் அதே பேரு. படிப்பு வராதவளுக்கு படமாவது வரும்பாங்க. எனுக்கு காய்கறி தான் வந்திச்சி.

அடையாத்து பாலத்துக்கு இந்தாண்ட, ஆத்தோரத்துல ஒரு ஓலக் குட்ச போட்டோம். கடல்ல நின்னு அலய மெரட்டுன மனுசன் எங்க நைனா. அவரு நெல்லு மூட்ட தூக்கப் போனாரு. ராவுல தோள்ல எண்ண தடவிக்கினு படுப்பாரு. வாரத்துக்கு ஒரு தபா கம்பியாண்ட போய் நின்னு கும்புட்டு, "என் மரத்த குடுங்க சாமி"ம்பாரு. துப்பாக்கிய தூக்கி காட்டுவான் காவக்காரன். ஒரு நாளு உள்ள இருந்து தொரயே வந்து, உன் மரத்த கடல் அடிச்சினு போயிட்ச்சின்னு சொன்னானாம். மேட்டுல போட்ட மரத்த எட்த்துனு போவ கடல் இன்னா படியேறியா வந்திச்சி? நைனா அத்த கேக்கல. நான் இருந்திருந்தா கேட்டிருப்பேன். கேட்டு சுடுபட்டு செத்திருப்பேன், இந்த மருமவளுக்கு எழுதுற வேல மிச்சமாயிருக்கும்.

அந்தக் காம்புல, அதாங்க கேம்ப்புல, எங்க மாமா வேலைக்கு இருந்தாரு. அம்மாவுக்கு தம்பி. முன்ன ஒரு வெள்ளக்காரன் பங்களால பட்லரா இருந்தவரு. அதனால இங்கிலீஷ்ல அஞ்சு பேச்சு தெரியும். எஸ் சார், நோ சார், டீ ரெடி சார், தொர நோ ஹோம் சார், வெரி சாரி சார். இந்த அஞ்சையும் முன்ன பின்ன மாத்திப் போட்டு ஒலகத்தையே ஓட்டிருவாரு. நைனா அவர புட்ச்சினு கேட்டாரு, மரம் எங்கடான்னு. பத்திரமா கீதுன்னாரு மாமா. எங்கன்னு கேட்டா, சொல்லக்கூடாது, சத்தியம் வாங்கிக்கினாங்கன்னாரு. "நீயும் அவனுங்களோட சேந்து துன்னுட்ட"ன்னு சொல்லிட்டு நைனா பேச்ச நிறுத்திட்டாரு. ஒரே குட்ச, ஒரே கஞ்சி. ரெண்டு பேரும் மூஞ்ச திருப்பிக்கினு குடிப்பாங்க.

அப்பறம் தான் அந்தக் கூத்து. யுத்தத்துக்குன்னு சர்க்காருக்கு அள்ளிக் குட்த்த மயிலாப்பூர் பெரிய மனுசங்க, ஊட்டம்மா, கொயந்த குட்டி எல்லாரையும் ஒரு ஞாயித்துக்கெயம இட்டுனு போய், கம்பிக்கு உள்ள சுத்திக் காட்டப் போறாங்களாம். பயந்து ஓடாதீங்க, பாருங்க எங்க காவல எவ்ளோ கெட்டின்னு. தொர இங்கிலீஷ்ல சொல்லுவான், மாமா தமிழ்ல சொல்லணும். மாமா தான் கைடு.

"கைடுன்னா இன்னா மாமா?"

"கைய கைய நீட்டி காட்றவன் தான் கைடு."

அவரு அம்மாகிட்ட தனியா இன்னாவோ பேசுனாரு. என்னயும் இட்டுனு போறாராம். பணக்காரப் புள்ளிங்களோட புள்ளியா உள்ள பூந்துட்டா தலைய எவனும் எண்ண மாட்டான்னாரு. ஆனா கோலம் சரியா இருக்கணுமே! ஆத்துல துணி வெளுக்குற டோபி அக்காகிட்ட கெஞ்சி, ஒரு வேளைக்குன்னு ஒரு பாவாட வாங்கியாந்தாரு. கிளிப்பச்ச. அடீல செவப்புல பட்டு பார்டர். அத்த கட்டிக்கினு நான் மூணு தபா சுத்தி சுத்தி வுயுந்தேன்.

பாலத்து மேல போவ சொல்ல மாமா குனிஞ்சி சொன்னாரு. "கம்முனு பாக்கணும். வாயத் தொறக்கவே கூடாது. பாத்தத உங்க நைனா காதுல ஒண்டி சொல்லு. நான் சொன்னா அவரு நம்பமாட்டாரு."

"இன்னாத்த பாக்கணும்?"

"பாத்தா தெரியும். உனுக்கு ஒண்டி தான் தெரியும்."

எனுக்கு ஒண்டி தெரியுற சமாச்சாரம் ஒலகத்துல ஒண்ணு கீதுன்னு யாராவது என்கிட்ட சொன்னது அன்னிக்கி தான்.

கேட்டாண்ட மாமா கம்பிய காட்டி, "இதான் பார்டர். எதிரி இத்த தாண்ட முடியாது"ன்னாரு. நான் குனிஞ்சி என் பாவாட பார்டர பாத்துக்கினேன். உள்ள போனோம். எங்க குப்பம் இல்ல. ஒரு ஊடு இல்ல. தொர இன்னாவோ சொன்னான். மாமா கைய நீட்டி, "இங்க முன்னாடி ஒண்ணும் இல்லீங்க. வெறும் மணலு"ன்னாரு. நான் பொறந்த எடத்துல நின்னுகினு சொன்னாரு! ஒரு மாமி "த்சு, த்சு"ன்னாங்க, மணல பாத்து பாவப்பட்டு. எனுக்கு காது சுட்டிச்சி. வாயத் தொறக்கல.

அப்பறம் சமையக்கொட்டா. அண்டா அண்டாவா சோறு வேவுது. பக்கத்துல வெறகு அட்டி. பாத்தா, எல்லாம் மூக்கு வளஞ்ச கட்ட. கட்டுமரத்து மூக்கு. எங்க பக்கத்து ஊட்டுக்காரரு மரம், எதுத்த ஊட்டுக்காரரு மரம், குப்பத்து மரம் பூரா பொளந்து அடுக்கி வெச்சிக்கீறானுங்க. கடல் அடிச்சினு போனது இங்க தான். அப்பயும் வாயத் தொறக்கல.

அப்ப பாத்து என் பின்னால ஒரு கத்தல். "அம்மா! அது என்னோட பாவாடை!"

என் வயசு பொண்ணு. ரெட்ட ஜட. அவ அம்மா கிட்ட வந்து, "நன்னாப் பாத்தியோடி? அதே மாதிரி எத்தனையோ இருக்கும்"னுகினே குனிஞ்சி, ரெண்டு வெரலால என் பார்டர திருப்புனாங்க. உள்ள டோபி குறி. மூணு புள்ளி, ஒரு கோடு. "நம்மாத்துக் குறிதான்"னாங்க. அவ்ளோதான். எல்லாரும் நம்பிட்டாங்க. தொர கூட நம்பிட்டான். சாட்சி வேணாம், சத்தியம் வேணாம். மூணு புள்ளி, ஒரு கோடு.

"குடுக்கச் சொல்லும்மா"ன்னு அழுவுது அது.

"சீ, வேண்டாம். இனிமே அதை யாரு கட்டிக்கறது? அவளே வெச்சுக்கட்டும்."

எனுக்கு இனாம் குட்த்தாங்களாம்! அதவிட ரெண்டு அற வுட்டிருக்கலாம், இன்னேரம் மறந்திருப்பேன்.

மாமா வேகமா எல்லாரையும் தள்ளிக்கினு போனாரு. மேட்டுல, மணல் மூட்டைங்களுக்கு நடுவால, கடல பாத்துக்கினு நாலு பீரங்கி. கன்னங்கரேல்னு. முன்னால ஒரு கயிறு. "கயித்த தாண்டாதீங்க, குண்டு ரெடியா கீது. சப்பான்காரன் கப்பலு ஒரே சூட்டுல அவுட்டு"ன்னாரு மாமா. மாமிங்க காத பொத்திக்கினாங்க. நான் பாத்தேன். இன்னாடா இது, பீரங்கிக்கு மூக்கு வளஞ்சிகீது? ரெண்டாவது பீரங்கில நடுவால ஒரு எடத்துல மை சரியாவே பூசல. அங்க ஒரு கத்திரிக்கா. காம்போட.

மாமா எல்லாரையும் வுட்டுட்டு என்னயே பாத்துக்கினு இருந்தாரு. அது எனுக்கு இப்ப ஞாபகம் வருது. அப்ப ஒண்ணு தான் தோணிச்சி. எங்க நைனா மூட்ட தூக்குறாரு, இந்தாளு எங்க மரத்த தூக்கி தொரைக்கு குட்த்து பட்லரு வேலய கெட்டியா புட்ச்சிக்கினான். அவ குறிய எல்லாரும் நம்புனாங்களே, என் குறிய நம்பட்டும்! கயித்துக்கு கீய பூந்து ஒரே ஓட்டம்.

"இது எங்க நைனா மரம்! நான் போட்ட மீனு கீது பாரு! குறி கீது பாரு!"ன்னு கத்திக்கினு பீரங்கிய கையால அடிச்சேன். டொக்கு டொக்குன்னிச்சி. கடலுக்கே கேட்டிருக்கும். மரம்.

யாரும் குறிய பாக்கல. ஒருத்தர், கோட்டு போட்டவரு, கெக்கெக்கன்னு சிரிச்சாரு. அப்பறம் எல்லாரும் சிரிச்சாங்க. தொர மூஞ்சி செங்கல் ஆயிட்ச்சி. மாமா நீட்டுன கைய மடக்கல. நீட்டிக்கினே, "வெரி சாரி சார்"னாரு.

என்ன கேட்டுக்கு வெளிய தள்ளுனாங்க. மாமாவ உள்ள வெச்சிக்கினாங்க. நான் ஓடுனேன், பாலம் முச்சூடும் ஓடுனேன். நைனா காதுல ஒண்டி சொல்லுன்னு சொன்னாரே, தெருவுக்கே கேக்கறாப்புல சொன்னேன். "நைனா, மாமா திருடன்! நம்ம மரத்துக்கு மை பூசி பீரங்கின்னு தொரைக்கு குட்த்துட்டாரு!"

நைனா எயுந்துட்டாரு. "பொளந்துட்டாங்களா? முயுசா கீதா?"

"முயுசா தான் கீது."

"மத்தவங்க மரம்?"

"அடுப்புல."

அவரு மூஞ்சி ஒரு மாரி தொறந்திச்சி, கதவு தொறக்குற மாரி. அப்பறம் கேட்டாரு. "அங்க கத்துனியா?"

"எல்லாருக்கும் கேக்கறாப்புல கத்துனேன் நைனா!"ன்னேன். மெச்சுவாருன்னு நின்னேன். அவரு மெதுவா குந்திக்கினாரு.

பொயுது சாயறதுக்குள்ள மயிலாப்பூர் பூரா மரப் பீரங்கி கத தான். ஊருக்கே தெரிஞ்ச பீரங்கி எவன ஏமாத்தும்? மறுநா காலீல கேம்ப்பு அடுப்புல பொக கெளம்பிச்சி. நைனா மூட்டைக்குப் போவல. பாலத்து மேல நின்னு அந்தப் பொகயவே பாத்துக்கினு இருந்தாரு. அதுக்கப்பறம் அவரு கடலுக்கே போவல. யுத்தம் முடிஞ்சி கம்பிய பிரிச்சாங்க, எல்லாரும் திரும்பிப் போனாங்க, அப்பயும் எங்க நைனா மூட்ட தான் தூக்குனாரு. புது மரத்துக்கு வயி இல்ல. நாலு வேள சோறு வேவ வெச்சானுங்க எங்க மரத்த வெச்சி. யாரு துன்னானோ, அவன் வயித்துல இன்னும் எரியட்டும்.

மொத மொதல்ல சோல்ஜருங்க எங்க மரத்தயும் பொளக்க கோடாலிய தூக்குனப்ப, ஓடிப்போய் நடுவால நின்னு, இத்த நிமித்தி மை பூசி வெச்சா தூரத்துலேர்ந்து பீரங்கி மாரி தெரியும்னு தொரைக்கு கைய காட்டி காட்டி சொன்னவரு மாமா தான். அஞ்சு பேச்சு இங்கிலீஷ வெச்சினு எப்டி சொன்னாரோ. மை பூசுனவரும் அவரு தான். யுத்தம் முடியட்டும், மைய கய்வி மச்சான்கிட்ட குட்த்துடலாம்னு இருந்தாராம். இது எனுக்கு தெரிய பத்து வருசத்துக்கு மேல ஆச்சி, அம்மா சொல்லி. அவ்ளோ சீக்கிரம் வெளங்குற மண்டையா இது?

மூணு வாரம் அடச்சி வெச்சிட்டு மாமாவ வுட்டாங்க. வேல போச்சி. ஒரு பல்லும் போச்சி. குட்சைக்கு வந்தாரு. நைனா நகந்து எடம் குட்த்தாரு. ரெண்டு பேரும் தோளு தோளு இடிக்க குந்திக்கினு கஞ்சி குட்ச்சாங்க. எனுக்கு ஒண்ணும் புரியல. திருடனோட இன்னா கொஞ்சலு? நான் அந்தக் கிளிப்பச்ச பாவாடய கட்டிக்கினு எதுத்தாப்புல போய் நின்னு, இடுப்புல கைய வெச்சினு கேட்டேன்.

"ஏன் மாமா, எல்லா எடத்துலயும் அப்பி அப்பி மை பூசிட்டு, என் மீனு மேல ஒண்டி ஏன் லேசா பூசுன? ஒயுங்கா பூசியிருந்தா எனுக்கு தெரிஞ்சே இருக்காதுல்ல? சோம்பேறி மாமா."

மாமா கஞ்சிய கீய வெச்சாரு. அப்பறம் அந்த ஓட்டப் பல்ல காட்டி, "வெரி சாரி சார்"னாரு.

நான் வுயுந்து வுயுந்து சிரிச்சேன். நைனா சிரிக்கல.