எஸ்தர் டீச்சர் வீட்டு பி.பி. நம்பர்

போன மாதம் மேடவாக்கத்தில் மகனுடைய ஃபிளாட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தபோது பரணில் இருந்த என் டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. திறந்ததும் அந்துருண்டை வாசனை. அடியில் என் கல்யாணப் பத்திரிகைகள் பத்துப் பதினைந்து மீந்து கிடந்தன. யார் யாரைக் கூப்பிடாமல் விட்டேனோ, இனிமேல் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. பேத்தி ஒன்றை எடுத்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தாத்தா, போன் நம்பர் பக்கத்துல பி.பி.ன்னு போட்டிருக்கே, யாருக்கு பி.பி.?" என்று கேட்டாள். தினமும் காலையில் என் கையில் பட்டையைச் சுற்றி அளந்து பார்ப்பவள் அவள்தான். அவளுக்கு வேறு பி.பி. தெரியாது.

அந்த இரண்டெழுத்துக்கு எங்கள் காலத்தில் ஏகப்பட்ட உத்தியோகம். இங்கிலீஷில் ஒரு 'பி'யும் இன்னொரு 'பி'யும் வேறு வேறு என்பது இங்கிலீஷ்காரர்கள் கவலை, தமிழில் எழுதினால் எல்லாம் ஒரே குடும்பம்தான். என் அப்பாவை உப்பைக் குறைக்கச் சொன்னது டாக்டருடைய பி.பி. குரோம்பேட்டையில் என் மாமா குடியிருந்த தெருவில் 'பி.பி. வீடு எது' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். அங்கே இருந்தவர் செங்கல்பட்டுக் கோர்ட்டில் அரசாங்க வக்கீல், அதாவது பப்ளிக் பிராசிக்யூட்டர். நான் முதன்முதலில் சேர்ந்த பல்லாவரம் கம்பெனியில், மானேஜர் ஊரில் இல்லாத நாளில் ஹெட்கிளார்க் கடிதத்தின் அடியில் சின்னதாக பி.பி. என்று போட்டுத் தன் கையெழுத்தை இடுவார். 'அவருக்காக இவர்' என்று அர்த்தம். அது தெரியாமல் முதல் வாரம், மானேஜர் சாருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவைத்தேன்.

டிரங்க் காலில் வேறு ஒரு பி.பி. உண்டு. வெளியூருக்கு போன் பேச வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம் அது. ஆபரேட்டர், "ஆர்டினரியா, பி.பி.யா?" என்று கேட்பார். பர்ட்டிகுலர் பர்சன். இன்னாரோடுதான் பேச வேண்டும் என்று பெயர் சொல்லிப் பதிவது. அந்த ஆள் அங்கே இல்லையென்றால் இணைப்புத் தர மாட்டார்கள்.

பத்திரிகையில் இருப்பது கடைசி பி.பி. இந்த போன் என்னுடையது அல்ல, பக்கத்தில் இருப்பவர்களுடையது, கேட்டால் என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்பதையெல்லாம் அந்த இரண்டெழுத்து சொல்லிவிடும். அதன் விரிவு என்ன என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. டிரங்க் காலிலிருந்து வந்தது என்பார் ஒருவர். 'பக்கத்து போன்' என்பதன் சுருக்கம் என்று எங்கள் தெரு சைக்கிள் கடை முனுசாமி அடித்துச் சொல்வார். எனக்கு இன்றும் முனுசாமி சொன்னதுதான் சரியாகப் படுகிறது.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் பக்கத்து போன் எஸ்தர் டீச்சர் வீட்டில் இருந்தது. எழுபதுகளின் தொடக்கம். டீச்சருடைய கணவர் தந்தி ஆபீசில் இருந்தவர், அவர் காலமான பிறகும் போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. முன் அறையில் வட்ட மேஜை, அதன்மேல் டீச்சர் கையால் பின்னிய விரிப்பு, விரிப்பின்மேல் அந்தக் கறுப்பு போன். தூக்கினால் கை வலிக்கும். ரிசீவரைக் காதில் வைத்தால் யூகலிப்டஸ் தைல வாசனை அடிக்கும். டீச்சருக்கு ஒற்றைத் தலைவலி. நெற்றியில் தடவுகிற தைலம் ரிசீவருக்கும் ஏறியிருந்தது. தெருவில் யாருக்கு என்ன சேதி வந்தாலும், கல்யாணமோ சாவோ, அந்த வாசனையோடுதான் வரும்.

எங்கள் தெருவிலும் பின்னால் இருந்த இரண்டு தெருக்களிலும் பாதிப் பேர் டீச்சருடைய நம்பரைத்தான் தங்கள் நம்பர் என்று ஊருக்கெல்லாம் கொடுத்து வைத்திருந்தோம். யாராவது போன் பண்ணினால் டீச்சர், பத்து நிமிஷம் கழித்துப் பண்ணுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அவரே போய்க் கூட்டிவருவார். ஆள் அனுப்ப மாட்டார். ஐம்பது வயதில் அப்படி அலைவானேன் என்று என் அம்மா கேட்டதற்கு, பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் நிற்கிறவளுக்கு நடப்பது ஓய்வு என்றாராம். ஓசியில் கிடைத்த வசதிக்கு நாங்கள் யாரும் அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை.

டீச்சருக்கு ஒரே மகன், ஜெயசீலன். என்னைவிட மூன்று வயது சின்னவன். காலேஜை முடித்து அவனும் வாத்தியாராக வேண்டும் என்பது டீச்சருடைய ஆசை. அவனோ இரண்டாம் வருஷத்தில் படிப்பை விட்டுவிட்டுக் கப்பலில் வேலை என்று கிளம்பிவிட்டான். புறப்பட்ட அன்று டீச்சர் அவனோடு பேசவில்லை. உள்ளே உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். அவன் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பெட்டியை ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்ள ஸ்டேஷனுக்கு நடந்தோம். பம்பாய் போய்ச் சேர்ந்ததற்கு நாலு வரி எழுதியதோடு சரி. எட்டு மாதமாகத் தாயும் பிள்ளையும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அப்போது நான் பல்லாவரம் கம்பெனியின் வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அங்கே ஹெட்கிளார்க் எங்கள் தூரத்து உறவு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குமேல் போன் பண்ணி முடிவைச் சொல்கிறேன் என்றிருந்தார். ஒன்பதரைக்கே தலையைப் படிய வாரிக்கொண்டு டீச்சர் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். போனில் தலை தெரியாது என்பது அப்போது தோன்றவில்லை. டீச்சர் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார், புடவைகூட மாற்றியிருக்க மாட்டார், போன் அடித்தது. மூன்றாவது தெரு கமலா அக்காவுக்கு மதுராந்தகத்திலிருந்து யாரோ. நான் போய்க் கூட்டிவருகிறேன் என்று எழுந்தேன்.

"நீ உக்காருப்பா. நீ அந்தப் பக்கம் போனதும் உன் போன் வந்துட்டா? கமலாவை நானே கூட்டிட்டு வரேன்."

குடையை எடுத்துக்கொண்டு போனார். அவர் தெரு முனை திரும்பியிருப்பார், போன் மறுபடி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். ஒரு பெண் குரல், ஆபரேட்டர். பம்பாயிலிருந்து பி.பி. கால், எஸ்தர் அம்மாள் இருக்கிறார்களா என்றாள்.

பம்பாயில் டீச்சருக்கு வேறு யாரும் கிடையாது. கூப்பிடுவது யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வெளியே போயிருக்கிறார்கள் என்றேன். எப்போது வருவார்கள் என்று கேட்டாள்.

"தெரியாதுங்க" என்றேன்.

தெரியும். பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார். ஆனால் அதைச் சொன்னால் ஆபரேட்டர் மறுபடி கூப்பிடுவாள், லைன் மாட்டிக்கொள்ளும், அந்த நேரம் பார்த்துப் பல்லாவரத்திலிருந்து எனக்கு வர வேண்டிய போன் வந்தால் என்ன ஆவது? இவ்வளவையும் அந்த நொடியில் யோசித்தாயா என்று கேட்டால், யோசித்தேன். அதுதான் கஷ்டம். ஆபரேட்டர் யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டு, அப்படியானால் கேன்சல் என்றாள். நானும் வைத்துவிட்டேன்.

டீச்சர் கமலா அக்காவோடு வேர்த்து விறுவிறுத்து வந்தார். "போன் வந்துச்சா?" என்று கேட்டார். "வரலை டீச்சர்" என்றேன். அவர் கேட்டது என் போனை. அந்த மட்டில் நான் சொன்னது உண்மை. கமலா அக்காவின் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது, டீச்சர் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார். நானும் வாயில் போட்டுக்கொண்டேன். மத்தியானம் இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தும் ஹெட்கிளார்க் போன் பண்ணவில்லை. வேலைக்கான உத்தரவு அடுத்த வாரம் சாவகாசமாகத் தபாலில் வந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மறுநாளாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாள் கழியவும் சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது. ஒரு நாள் மார்க்கெட்டில் பார்த்தபோது டீச்சர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, உனக்காவது லெட்டர் போட்டானா என்று கேட்டார். இல்லை என்றேன். அதுவும் உண்மை. இப்படி உண்மையையே சொல்லி ஒரு ஆளை ஏமாற்ற முடியும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. அதன்பிறகு டீச்சர் வீட்டு வாசலைத் தாண்டாமல் சுற்றி நடந்தேன்.

ஆறு வாரம் கழித்து டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஏடன் துறைமுகத்து முத்திரை விழுந்த கடிதம். அம்மா காபி போட உள்ளே போனதும் என்னைப் பார்த்தார்.

"கப்பல் ஏறுற அன்னிக்கு போன் பண்ணினானாம். ஆள் இல்லைன்னு சொல்லிட்டாங்களாம். தேதி போட்டிருக்கான். அன்னிக்கு நம்ம வீட்டுல உக்காந்திருந்தது நீதானே?"

"நான்தான் டீச்சர்."

அவர் கடிதத்தை மடித்துக் கவரில் போட்டார். அது உள்ளே போக மறுத்தது. பிரித்துத் திரும்ப மடித்தார். "பேச முடியாமப் போனது போகட்டும்ப்பா. அவன் கூப்பிட்டான்கிற ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்ல. அதை வெச்சுக்கிட்டே இந்த ஆறு வாரத்தை ஓட்டியிருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்துமூன்று வயது, சம்பளக்காரன், அழுதேன். டீச்சர் காபியைக் குடித்துவிட்டு எழுந்தபோது, "இனிமே ஞாயித்துக்கிழமை நீ வந்துடு. தெருவுல கூப்பிடறதுக்கு நீ போ. நான் போன் கிட்டயே இருக்கேன்" என்றார்.

அப்படித்தான் நான் மூன்று தெருவுக்கும் கூப்பிடுகிறவன் ஆனேன். டீச்சர் சர்ச்சுக்குப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார், நான் போனுக்குக் காவல். திரும்பி வந்ததும் அவர் காவல், நான் ஓட்டம். யார் எத்தனை மணிக்குக் குளிப்பார்கள், யாருக்கு யாரோடு பேச்சு வார்த்தை இல்லை, எல்லாம் அத்துப்படி. முதல் தடவை போய்க் கூப்பிட்டபோது முனுசாமி டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே முகம் வெளுத்துப் போனார். "எனக்கா போனு? இன்னா சார், ஊர்ல எவனாச்சும் பூட்டானா?" என்றார். மச்சான் சும்மா நலம் விசாரித்திருக்கிறான். அதற்குப் போய் போன் பண்ணுவானா என்று முனுசாமிக்கு ஒரு வாரம் கோபம். எனக்கு 'பி.பி. சார்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். ஆக அந்த இரண்டெழுத்துக்கு ஒரு அர்த்தமாக நானும் இருந்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் பிப்ரவரியோ மார்ச்சோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டீச்சர் சர்ச்சில் இருந்தார். போன் அடித்தது. பம்பாய், பி.பி. கால், எஸ்தர் அம்மாள் இருக்கிறார்களா?

"இருக்காங்க, இருக்காங்க. லைன்லயே இருங்க" என்றேன். ரிசீவரை மேஜைமேல் போட்டுவிட்டு ஓடினேன். சர்ச் தெருக்கோடியில். போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். நடுவழியில் நேராக நடந்து போய் நாலாவது வரிசையில் குனிந்து, டீச்சர், ஜெயசீலன் என்றேன். அவர் பைபிளை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வெளியே வந்து செருப்பைத் தேடவில்லை. அதற்குமுன் அவர் ஓடி நான் பார்த்ததில்லை, அன்றைக்கு அவருக்கு ஈடுகொடுத்து ஓட என்னால் முடியவில்லை.

ஆபரேட்டர் புண்ணியவதி, எப்படியோ காத்திருந்தாள். நான் வாசற்படியில் நின்றுவிட்டேன். உள்ளே சத்தம் கேட்டது. சாப்பிட்டாயா, அங்கே வெயிலா, சட்டையெல்லாம் கிழிந்திருக்குமே என்றார். வாசல் குழாயில் தண்ணீர் வருவதில்லை, கொல்லை முருங்கை விழுந்துவிட்டது என்றார். படிப்பைப் பற்றியோ, பேசாமல் இருந்ததைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. மூன்று நிமிஷம் ஆனதும் லைன் போய்விட்டது. டீச்சர் வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"லுங்கியோடயா சர்ச்சுக்குள்ள வந்தே?" என்றார்.

அந்த வருஷமே என் கல்யாணம். பத்திரிகைக்கு அவர் நம்பரைத்தான் போட்டேன். அச்சாபீஸிலிருந்து வந்த பிரதியை டீச்சர் வாங்கிப் பார்த்து, இரண்டு பிழை திருத்தி, நம்பருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் பி.பி. என்று எழுதிக் கொடுத்தார்.

ஜெயசீலன் பிறகு பல தடவை வந்தான், போனான். டீச்சருடைய கடைசி நாட்களில் கூடவே இருந்தான். இப்போது ஊரப்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறான். டீச்சருடைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இதையெல்லாம் கேட்ட பேத்தி, அவங்க செல்லுக்கே பண்ணியிருக்கலாமே தாத்தா என்றாள். அவள் கவலை அவளுக்கு. இன்றைக்கு எல்லாமே பி.பி. கால்தான். எடுக்கிறவர் அந்த ஆளேதான். நடுவில் ஓடுவதற்கு யாரும் வேண்டியதில்லை.

டீச்சர் வீட்டில் அன்று ஆபரேட்டரிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அதற்குப்பிறகு நான் போனில் சொன்னதே கிடையாது. போன வாரம் மத்தியானம் என் செல் அடித்தது. வயதான பெண் குரல். மூச்சு வாங்கியது. "சாந்தி இருக்காளா?" என்றார். இருங்கம்மா, கூப்பிடறேன் என்று சொல்லி எழுந்து, ஒரு காலில் செருப்பையும் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டேன். வெளியே நீளமான நடை, இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள். எங்கள் மாடியில் மட்டும் பன்னிரண்டு வீடு, கதவில் நம்பர் இருக்கிறது, பெயர் இல்லை. நாலு வருஷமாக இங்கே இருக்கிறேன். அந்த அம்மா மறுபடி, "சாந்தி இல்லீங்களா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க" என்றேன். இந்தத் தடவை அது உண்மை.